பழைய லாரியில் எது அசல்?

முதல் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துக்கு எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. போர்க்காலத்தில் அது படைகளுக்குக் கொடுத்த வண்டிகள் 5,932. அவற்றில் பெரும்பங்கு விமானப் படைக்குப் போன மூன்று டன் லாரிகள். பழைய வண்டி ஆர்வலர்கள் இன்றும் அந்த ரகத்தை ‘ஆர்.ஏ.எஃப். லேலண்ட்’ என்றே சொல்கிறார்கள். போர் ஓய்ந்ததும் படைகளிடம் மிஞ்சிய வண்டிகளை அரசு மலிவாக விற்கத் தொடங்கியது. அடிபட்டுத் தேய்ந்த லாரிகள் கண்டவர் கைக்கும் போய் நடுவழியில் நின்றால் கம்பெனியின் பெயர் கெடும். புது லாரி வாங்கவும் ஆள் இருக்காது. ஆகவே லேலண்ட் தன் வண்டிகளைத் தானே ஆயிரக்கணக்கில் திரும்ப வாங்கியது. லண்டனுக்குத் தென்மேற்கே, கிங்ஸ்டனை அடுத்த ஹாம் என்ற இடத்தில் போர்க்காலத்தில் விமானம் கட்டிய ஒரு தொழிற்சாலையைக் கையில் எடுத்து, லாரிகளை அக்கக்காகக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, பெயிண்ட் அடித்து, 1920களில் மறுபடி சந்தைக்கு அனுப்பியது. வாங்கியவர்கள் தங்கள் சரக்குக்குத் தோதாகப் பாடி கட்டிக்கொண்டார்கள். சில வண்டிகள் பஸ்ஸாகவும் ஓடின. அப்படி ஓடிய லாரி ஒன்று இன்று சீரமைப்புக்கு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எந்த ஆண்டின் நிலைக்குக் கொண்டுபோவது? 1917இல் படைக்குப் போன நிலைக்கா, 1921இல் கம்பெனியே புதுப்பித்து விற்ற நிலைக்கா, கடைசி முதலாளி கைவிட்ட நிலைக்கா? மூன்றுமே அந்த வண்டி உண்மையில் இருந்த நிலைகள்தான்.

பழைய காரைச் சீரமைப்பவருக்கு இந்தக் குழப்பம் குறைவு. கார் பெரும்பாலும் முழு உருவத்தோடு தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறது. ‘கம்பெனியிலிருந்து வந்தபடி’ என்ற சொல்லுக்கு அங்கே ஓர் அர்த்தம் இருக்கிறது. லாரி அப்படிப் பிறப்பதில்லை. லாரித் தொழிலின் நீண்ட வரலாற்றில் தொழிற்சாலை விற்றது பெரும்பாலும் சேசிஸைத்தான்: சட்டம், எஞ்சின், அச்சுகள், சக்கரங்கள். டிரைவர் உட்காரும் கேபினும் சரக்கு ஏறும் தொட்டியும் வேறொருவர் கட்டியவை. சென்னையை அடுத்த எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்டாக மாறிய நிறுவனம் லேலண்ட் காமெட் லாரிகளைக் கோர்த்து அனுப்பியபோதும் இதே வழக்கம்தான். எண்ணூரிலிருந்து கிளம்பியது சேசிஸும் முன்முகப்பும். அதை லாரியாக்கியவர்கள் ஊர்ப் பட்டறைத் தச்சர்களும் டிங்கர்களும் பெயிண்டர்களும். இன்றைக்கும் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ‘பாடி கட்டுவது’ சேசிஸ் உற்பத்தியிலிருந்து பிரிந்த தனித் தொழில். அந்தப் பாடியும் வண்டியின் ஆயுளுக்கு நிலைப்பதில்லை. ஒரே சேசிஸ் இரண்டு மூன்று பாடிகளைப் பார்த்துவிடும். லண்டன் பஸ்களின் கதை இன்னும் ஒரு படி மேலே. ஆல்டன்ஹாம் பணிமனையில் ஆர்.டி. ரக பஸ்களை முழுப் பழுதுபார்ப்புக்கு எடுக்கும்போது பாடியையும் சேசிஸையும் தனித்தனியே பிரித்து வேலை பார்த்தார்கள். வேலை முடிந்ததும் தயாராக இருந்த பாடி தயாராக இருந்த சேசிஸின் மேல் ஏறியது. பழைய ஜோடி சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உள்ளே போன பஸ்ஸின் எண் வெளியே வந்த வேறொரு பஸ்ஸுக்குப் போனது. வண்டியை வைத்திருந்த நிறுவனமே அதன் அடையாளத்தை இவ்வளவு தளர்வாக நடத்தியிருக்கும்போது, ‘முதல் நாள் இருந்தபடி’ என்பதை அசலுக்கு அளவுகோலாக வைத்தால், பெரும்பாலான லாரிகளுக்கு ஒருபோதும் இல்லாத ஒரு நிலையைத் தேடிப் போகிறோம்.

அதனால் நான் வேறோர் அளவுகோலை முன்வைக்கிறேன். பழைய லாரி ஒரு சான்று. எந்த இரும்பால் செய்தார்கள், எதை ஏற்றினார்கள், எங்கே உடைந்தது, யார் எப்படி ஒட்டுப்போட்டார் என்ற கேள்விகளுக்கு அதன் உடம்பே பதில் வைத்திருக்கிறது. சீரமைத்த பிறகும் அந்தப் பதில்களைச் சொல்லக்கூடிய லாரி அசலுக்கு நெருக்கமானது. அவற்றைத் துடைத்தெறிந்துவிட்ட லாரி, கண்ணுக்கு எவ்வளவு லட்சணமாக இருந்தாலும், அசலிலிருந்து விலகிப் போய்விட்டது. பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் ஏறக்குறைய இந்தத் திசையில்தான் போகிறது: வண்டியின் வரலாற்றுப் பொருளை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும், செய்த வேலையைப் பதிவுசெய்ய வேண்டும், புதிதாகச் சேர்த்த பாகம் எது என்று பின்னால் வருபவர் கண்டுபிடிக்கும்படி குறியிட வேண்டும். பழைய கோயில், கோட்டைகளைக் காக்க 1964இல் எழுதிய வெனிஸ் சாசனத்தின் சிந்தனை இப்படி வண்டிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் சாசனம் சொல்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் இதை ஏற்க வேண்டியதில்லை. லாரியின் பெயிண்டையும் இரும்பையும் அறிவியல் கண்ணால் பார்த்தாலே காரணம் புரியும்.

முதலில் பெயிண்ட். பழைய கேபின் கதவின் மூலையிலிருந்து கடுகளவு பெயிண்ட் சில்லை எடுத்து, தெளிந்த பிசினில் பதித்து, குறுக்குவெட்டாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்கடுக்காக ஒரு வரலாறு தெரியும். அடியில் துருவைத் தடுக்கப் பூசிய செவ்வீயம். அதன்மேல் பள்ளம் மேடுகளை நிரவப் பூசித் தேய்த்த நிரப்பிப் பூச்சுகள். பிறகு நிறம், அதற்கு மேல் வார்னிஷ். புற ஊதா ஒளியில் பார்த்தால் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் ஒளிர்ந்து தன் எல்லையைத் தானே காட்டிக்கொடுக்கும். இரண்டு நிற அடுக்குகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கரிய கோடு ஓடினால் அது புகையும் அழுக்கும். அந்த நிறத்தோடு வண்டி சில காலம் ரோட்டில் உழைத்தது என்று அர்த்தம். கோடு இல்லாமல் இரண்டு நிறங்கள் ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே வேலையில் பூசியவையாக இருக்கலாம். காலத்தைக்கூட ஓரளவு கணிக்கலாம். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி 1920களுக்குச் சற்று முன்பிருந்துதான் சந்தையில் கிடைக்கிறது; அதிலும் ரூட்டைல் என்ற படிக வகை 1940களில்தான் பரவியது. இரண்டையும் ராமன் நிறமாலைக் கருவி பிரித்துச் சொல்லிவிடும். ‘போர்க்கால எழுத்து’ என்று ஒருவர் காட்டும் வெள்ளை எழுத்தில் ரூட்டைல் இருந்தால், முதல் உலகப் போரில் அதை எழுதியிருக்க முடியாது. நம் ஊரில் பிறந்த ராமன் விளைவு ஒரு லேலண்ட் லாரியின் வயதைச் சொல்ல உதவுகிறது என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

நிறம் தேர்வதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பழைய கரும்பச்சைகள் பலவும் பிரஷ்யன் நீலத்தையும் குரோம் மஞ்சளையும் கலந்து செய்தவை. குரோம் மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிக் கறுக்கும். ஆளிவிதை எண்ணெயோ இருட்டில் கிடந்தால் மஞ்சளேறும். வெளிச்சத்துக்கு வந்தால் ஓரளவு வெளுக்கும். ஆகவே வெயிலில் கிடந்த பலகையைப் பார்த்து நிறம் கலந்தாலும் தவறு, ஒரு மூடியின் அடியில் ஒளிந்திருந்த இடத்தைச் சுரண்டிய மறுகணமே கலந்தாலும் தவறு. நிறமிகள் எவை என்று கண்டுபிடித்து, அந்த நிறமிகளைக் கொண்டே புதிதாக ஒரு மாதிரி தயாரித்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. இதைச் செய்ய வேண்டுமானால் அந்தக் கடுகளவு சில்லாவது மிஞ்சியிருக்க வேண்டும். மணல் பீய்ச்சும் குழாயை எடுத்தால் சில மணி நேரத்தில் நூறாண்டுப் பதிவு தரையில் தூசியாகக் கொட்டிவிடும். மேலே எவ்வளவு ஆராய்ந்து நிறம் பூசினாலும் அந்த ஆராய்ச்சியை இனி எவரும் சரிபார்க்க முடியாது.

இரும்புக்கும் மணல் பீய்ச்சுவது அப்படி ஒன்றும் நல்லதில்லை. சேசிஸ் சட்டத்தில் உருக்கு ஆலையின் உருட்டு முத்திரை, பாகத்தின் எண், சில சமயம் பொருத்தியவர் உளியால் கீறிய அடையாளம் எல்லாம் இருக்கும். ஆழமில்லாத குறிகள் வேகமான மணலில் மழுங்கிவிடும். அதைவிடக் கவலைக்குரியது வேறு. பல்லாயிரம் மைல் ஓடிய சட்டத்தில் உலோகச் சோர்வால் மயிரிழை விரிசல்கள் இருக்கலாம். ரிவிட் துளையின் விளிம்பிலும், கமான் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டின் ஓரத்திலும் அவை தொடங்கும். மணலோ குண்டுமணியோ மேற்பரப்பை அடிக்கும்போது மென்மையான உலோகம் நசுங்கி விரிசலின் வாயை மூடிவிடுகிறது. பிறகு சாயத்தை ஊறவைத்து விரிசல் தேடும் சோதனை செய்தால் சாயம் உள்ளே இறங்காது. சட்டம் நல்லது என்ற பொய்ச் சான்றிதழ் கிடைக்கும். வேதிக் கரைப்பானால் பெயிண்டை உரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் உரித்து, காந்தத் துகள் சோதனை செய்தால், விரிசல் இருக்கும் இடத்தில் இரும்புத்தூள் கூடி நின்று கோடாகத் தெரியும். சான்றைக் காப்பதும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று மோதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இடத்தில் இரண்டும் ஒரே வேலையைத்தான் கேட்கின்றன.

ரிவிட்டை எடுத்துவிட்டு வெல்டிங் வைப்பதும் இதே கணக்கில்தான் வரும். லாரி சேசிஸ் விறைப்பாக நிற்கச் செய்ததல்ல. ஏணி போன்ற அந்தச் சட்டம் மேடு பள்ளத்தில் சற்று முறுக்கிக் கொடுத்து நான்கு சக்கரத்தையும் தரையில் வைத்திருக்கும். சூடாக்கி அடித்த ரிவிட் ஆறும்போது சுருங்கி இரண்டு தகடுகளையும் இறுகப் பிடிக்கிறது. ஆனாலும் மிகையான விசை வந்தால் இணைப்பு இம்மியளவு நழுவி அதிர்வை வாங்கிக்கொள்கிறது. ஒரு தகட்டில் விரிசல் வந்தாலும் அது தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். அடுத்த தகடு வேறு உலோகத் துண்டு. வெல்டிங் இரண்டையும் ஒரே துண்டாக்கிவிடுவதால் விரிசலுக்கு வழி திறந்துவிடுகிறது. வெல்டிங் கோட்டை ஒட்டிய பகுதியில் வெப்பத்தால் உருக்கின் உள்ளமைப்பு மாறி, ஆறும்போது உள்விசையும் தங்கிவிடுகிறது. முறுக்க வேண்டிய சட்டம் ஓரிடத்தில் மட்டும் விறைத்துக்கொள்ள, முறுக்கம் முழுவதும் அந்த விறைப்பின் ஓரத்தில் போய்க் குவிகிறது. எனவே பழைய லாரிக்கு ரிவிட் அடிப்பது பார்வைக்கான விஷயம் மட்டும் இல்லை. சட்டம் எப்படி உழைத்ததோ அந்த உழைப்பும் அசலின் பகுதி. வெல்டிங் வைத்தால் தோற்றத்தோடு நடத்தையும் மாறிவிடும். மரையாணிகளும் இப்படித்தான் சாட்சி சொல்லும். 55 பாகைக் கோணத்தில் வெட்டிய விட்வொர்த் மரை பழைய பிரிட்டிஷ் வண்டிக்கு உரியது. 1917 லாரியில் தலையில் கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் ஸ்குரூ இருந்தால் அது 1930களுக்குப் பிறகு யாரோ கைவைத்த இடம். அந்த ஸ்குரூவைப் பிடுங்கி எறிவதற்கு முன் அவர் ஏன் கைவைத்தார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் வண்டியின் உழைப்பைப் பற்றி ஏதாவது ஒன்று தெரியவரும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு இது: லாரி ஓடுவதற்காகப் பிறந்தது, சான்று சான்று என்று சொல்லிக் கண்ணாடிக் கூண்டில் நிறுத்தினால் அதன் உயிரே போய்விடும். லண்டனிலிருந்து பிரைட்டன் வரை பழைய வணிக வாகனங்கள் 1960களிலிருந்து ஆண்டுதோறும் அணியாக ஓடுவதை இப்படி மறுப்பவர்கள் காட்டுவார்கள். எஞ்சினின் சத்தம், சங்கிலியின் இரைச்சல், கெட்டி ரப்பர் டயர் தரும் அதிர்வு, இவை எல்லாம் ஓடும்போதுதான் கிடைக்கும் அறிவு. இந்த மறுப்பை நான் பெரிதும் ஏற்கிறேன். 1994இல் ஜப்பானின் நாரா நகரில் எழுதிய ஆவணம், பொருளோடு பயன்பாட்டையும் மரபான கைத்திறனையும் அசல்தன்மையின் ஊற்றுகளாகச் சேர்த்துக்கொண்டது; அது ஓடும் வண்டிகளுக்கு மிகப் பொருந்தும். பிரேக் லைனிங், பேரிங், கிளட்ச் தட்டு எல்லாம் தேய்ந்து தீருவதற்கென்றே செய்தவை. தகரமும் ஆண்டிமனியும் செம்பும் கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, மசித் தடம் பார்த்துச் சுரண்டிப் பொருத்தும் பழைய பேரிங் முறை வண்டி பிறந்த நாளிலிருந்தே பராமரிப்பின் பகுதி. அதை மறுபடி ஊற்றுவதால் அசல் குறைவதில்லை. அந்தக் கைத்திறன் ஒரு தலைமுறை கூடுதலாக வாழ்கிறது. அதையே இன்றைய ஷெல் பேரிங்குக்கு மாற்ற கனெக்டிங் ராடைக் குடைந்தால், குடைந்த உலோகம் திரும்பி வராது.

பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் மாற்றங்களையும் ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் இழைத்தூள் நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோய் தருவது ஐயமற்ற உண்மை. அதை ஒரு நிமிடமும் தயங்காமல் மாற்றலாம். யாருடைய நுரையீரலையும் விட அசல்தன்மை பெரிதில்லை. மாற்றிய துண்டு டிரம்முக்குள் மறைந்தும்விடும். ஆனால் ஈயம் கலக்காத பெட்ரோலுக்குப் பயந்து 1917 எஞ்சினின் வால்வு இருக்கைகளைக் குடைந்து கடின வளையம் பதிப்பது தேவையில்லாத வேலை. ஈயம் கலந்த பெட்ரோல் முதன்முதலாகக் கடைக்கு வந்ததே 1923இல், அமெரிக்காவின் டேட்டனில். அதற்கு முன் பிறந்த எஞ்சின் ஈயத்தை அறியாமலேதான் ஓடியது. வால்வு இருக்கை தேய்ந்து உள்வாங்கும் கோளாறு அதிக வேகத்திலும் வெப்பத்திலும் உழைக்கும் எஞ்சின்களைத்தான் பிடிக்கிறது. முன்சக்கரத்தில் பிரேக் இல்லாத லாரி இன்றைய ரோட்டுக்கு ஆபத்து என்பதும் பாதி உண்மைதான். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிற லாரியை 40இல் விரட்டினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. சுமையில்லாமல், அதற்கென்று விதித்த பழைய வேகத்தில் ஓட்டினால் பின்சக்கர பிரேக்குகள் தங்கள் கணக்குக்குள்ளேயே உழைக்கும். வண்டியை மாற்றுவதற்கு முன் ஓட்டுகிற விதத்தை மாற்றலாம். மெதுவாக ஓட்டுவதும் அந்த வண்டிக்குச் செய்கிற நியாயந்தான்.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. போர்க்கால லாரிகளில் மிஞ்சியவை பலவும் முழு வண்டியாகக் கிடைப்பதில்லை. ஒரு பண்ணையின் மூலையில் சேசிஸ், தோட்டத்தில் கொட்டகையாகிவிட்ட கேபின், ரம்பத்தை ஓட்டப் பயன்படுத்திக் கைவிட்ட எஞ்சின் என்று துண்டுதுண்டாகத்தான் அகப்படும். சான்று சான்று என்று பேசினால் இவற்றைச் சேர்த்து ஒரு லாரியாக்கவே கூடாதா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும். அது பாதுகாத்த லாரியோ சீரமைத்த லாரியோ அல்ல. பழைய பாகங்களைக் கொண்டு மறுபடி கட்டிய லாரி. பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை பெரிதும் மாறிய வண்டிக்குப் பழைய எண்ணைக் கொடுக்கலாமா என்று பார்க்க நெடுங்காலம் புள்ளிகள் போட்டது: சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், டிரான்ஸ்மிஷன், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. எட்டுப் புள்ளி தேறினால் பழைய எண் நின்றது. கேபினுக்கும் தொட்டிக்கும் பெயிண்டுக்கும் ஒரு புள்ளிகூட இருக்கவில்லை. எண் யாருக்கு என்று தீர்க்க இப்படி ஒரு கணக்கு போதும். வரலாற்றுக்கு இது போதாது. எட்டுப் புள்ளி வாங்கிய வண்டி நூறு ஆண்டுகளின் சுவடு எதுவும் இல்லாமல் நிற்கலாம். புள்ளி தேறாத துருக்கூடு ஒன்றில் 1921இன் எழுத்து அப்படியே இருக்கலாம்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதிலிருந்து வருகிறது. பழைய பொருள் நிறைய மிஞ்சியிருக்கும் லாரியை அதன் கடைசி உழைப்புக்கால நிலையில் வைப்பதே நல்லது. ஏனென்றால் அதற்கு முந்தைய எல்லா நிலைகளும் அதன் அடியில் பத்திரமாக இருக்கின்றன. 1917க்குப் போக வேண்டுமென்றால் 1921ஐச் சுரண்டித்தான் போக வேண்டும். ‘படை நிறத்தில் நின்றால்தானே பார்க்க வருபவருக்குப் போர் புரியும்’ என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் 1914இல் கட்டிய பி2737 என்ற பஸ்ஸைச் சீரமைத்து, 2014இல் முதலில் நகரத்துச் சிவப்பில் ஓட்டியது. பிறகு அதே ஆண்டில் போர் நூற்றாண்டை ஒட்டி, வீரர்களை ஏற்றிச்சென்ற படை வண்டியாக மாற்றி, பிரான்ஸ், பெல்ஜியம் போர்க்களங்கள் வரை கொண்டுபோனது. புதிதாகப் பூசிய பெயிண்டின் மேல் இன்னொரு புதுப் பெயிண்ட் என்றால் எந்தச் சான்றும் அழிவதில்லை. அங்கே எந்தக் காலத்தை வேண்டுமானாலும் காட்டலாம். அசல் பெயிண்ட் மிஞ்சிய பலகைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மக்கள் பளபளப்பைத்தான் விரும்புகிறார்கள் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கேபின் தரைப் பலகையில் கிளட்சை மிதித்த குதிகால் தேய்த்த பள்ளத்தைக் காட்டி, இது எப்படி வந்தது என்று சொன்னால், பக்கத்தில் கண்ணாடிபோல மின்னும் வண்டியை விட்டுவிட்டுப் பிள்ளைகள் இங்கேதான் குனிந்து பார்ப்பார்கள்.

நம் நாட்டில் 2021இல் வந்த விதி, ஐம்பது ஆண்டு கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இரண்டு, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் தருகிறது. சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இது சரி. லாரியோ வாடகைக்கு உழைத்த வண்டி, அதன் பாடி இரண்டு மூன்று முறை மாறியதுதான் அதன் இயல்பான வரலாறு. 1950களின் காமெட்டுகள் இந்த அளவுகோலுக்குள் அடங்குவது கடினம். பழைய லாரிகளுக்கு இங்கே வழக்கமான முடிவு காயலான் கடை. பாடி மாற்றத்தைக் குற்றமாக எண்ணாமல் பதிவாக எண்ணும் தனி வகை ஒன்று லாரிகளுக்கு வேண்டும். அது வரும்வரை, உடைக்கப் போகும் பழைய வண்டியைக் கையில் வைத்திருப்பவர் கட்டரைப் பற்றவைக்கும் முன் அரை நாள் ஒதுக்கினால் போதும்: சேசிஸ் எண்ணைப் படம் எடுத்து, கேபின் மரச்சட்டத்தின் மூட்டுகளை அளவோடு வரைந்து, கதவிலிருந்து ஒரு பெயிண்ட் சில்லை உறையில் போட்டு, பாடி கட்டிய பட்டறையின் பெயர் எழுதிய தகட்டை மட்டும் தனியே வெட்டி எடுத்து வைக்கலாம்.